பத்து வயசில் கிழவன்!

2025-ம் வருஷம், ஜூலை 1. இடம்: டெல்லி.

நீங்கள் ஒரு டீசல் எஸ்.யூ.வி.யின் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தவணையெல்லாம் கட்டி முடித்தாச்சு. நேரம் தவறாமல் ஆயில் மாற்றுகிறீர்கள். ஹரித்துவார், சிம்லா என்று குடும்பத்தோடு போய்வந்த வண்டி. ஒருநாள்கூட நடுரோட்டில் நின்றதில்லை. டீசல் போட பங்க்குக்குள் நுழைகிறீர்கள். மேலே இருக்கும் கேமரா உங்கள் நம்பர் பிளேட்டைப் படிக்கிறது. உடனே ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது. ‘இந்த வண்டியின் ஆயுள் முடிந்துவிட்டது. எரிபொருள் கிடையாது!’ பக்கத்திலேயே போலீஸ்காரர் வேறு நிற்கிறார்.

கற்பனை இல்லை. அன்று டெல்லியில் நிஜமாகவே இப்படி ஒரு உத்தரவு அமலுக்கு வந்தது. பெட்ரோல் வண்டிக்கு ஆயுள் 15 வருஷம், டீசலுக்கு 10. ஊரே கொதித்துப் போக, ஒரு வாரத்துக்குள் உத்தரவைத் தள்ளிவைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, கவனித்தீர்களா? ‘டீசல் வண்டின்னா மாடு மாதிரி உழைக்கும், ரொம்ப நாள் வரும்’ என்று நம்பித்தான் எல்லோரும் வாங்கினார்கள். அந்த நம்பிக்கை பொய்யும் இல்லை. அப்படியிருக்க, நீண்ட நாள் உழைக்கும் வண்டிக்குக் குறைந்த ஆயுள் எப்படி வந்தது? அதைத் தெரிந்துகொள்ள நாம் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

முதலில், டீசல் இன்ஜின் ஏன் அப்படி உழைக்கிறது? பெட்ரோல் இன்ஜினில் தீயைப் பற்றவைக்க ஸ்பார்க் ப்ளக் உண்டு. டீசலில் அது கிடையாது. உள்ளே வரும் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அழுத்தி நெருக்குகிறார்கள். அந்த அழுத்தத்திலேயே காற்று பழுக்கக் காய்ந்துவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கவேண்டும் என்பதால் இன்ஜினின் ஒவ்வொரு பாகமும் கனமாக, கெட்டியாக இருக்கும். வேகமாகச் சுழலாது, நிதானமாகத்தான் சுற்றும். அதனால் தேய்மானமும் குறைவு.

இதை உருவாக்கிய ரூடால்ஃப் டீசல், 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தன் இன்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக்காட்டினார். உலகமே கொண்டாடியது. ஆனாலும் மனிதர் கடனில் மூழ்கினார். 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர், இரவு தன் அறைக்குப் போனார். காலையில் அங்கே இல்லை! சில நாள் கழித்து அவர் உடல் கடலில் கிடைத்தது. தற்கொலையா, கொலையா என்று இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தன் பெயர் உலகத்தின் எல்லா பங்க்குகளிலும் எழுதப்படப் போவதை அவர் பார்க்கவில்லை, பாவம்.

அது ஜெர்மனிக் கதை. நம் நாட்டு எஸ்.யூ.வி.யின் கதை 1945-ல், பஞ்சாபின் லூதியானாவில் ஆரம்பிக்கிறது. ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா என்ற சகோதரர்களும், குலாம் முகம்மது என்ற நண்பரும் சேர்ந்து இரும்பு வியாபாரத்துக்காக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர், ‘மஹிந்திரா அண்ட் முகம்மது’. இரண்டே வருஷத்தில் தேசப் பிரிவினை வந்தது. முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதி அமைச்சரானார். பிறகு கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தார். இங்கே கம்பெனி, ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆனது. ‘எம் அண்ட் எம்’ என்று ஏற்கெனவே அச்சடித்த காகிதமெல்லாம் வீணாகக் கூடாது என்றுதான் அந்தப் பெயர் என வேடிக்கையாகச் சொல்வார்கள்!

இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய அமெரிக்க வில்லீஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்க ஆரம்பித்தது இந்தக் கம்பெனிதான். ஆனால், அந்த ஜீப் ஓடியது பெட்ரோலில். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க்குப் பூட்டுப் போட, உலகம் முழுக்க விலை எகிறியது. தாகம் பிடித்த பெட்ரோல் ஜீப்புக்குத் தீனி போட யாரால் முடியும்? தன்னிடமிருந்த டிராக்டர் இன்ஜினைத் தூக்கி ஜீப்புக்குள் வைத்தது மஹிந்திரா. பிறகு, பிரெஞ்சு பியூஜோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் செய்த டீசல் இன்ஜினும் வந்தது.

அந்தக் காலத்து டீசல் ஜீப்பை வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கண்ணில் ஒரு பளபளப்பு வரும். பாட்டரி இறங்கிப்போனால், மேட்டில் நிறுத்தி உருட்டிவிட்டால் போதும், ‘தடதட’வென்று கிளம்பிவிடும். நிறுத்துவதற்கு ஒரு குமிழைப் பிடித்து இழுக்கவேண்டும். பம்ப்பும் நாசிலும் தகராறு செய்தால் பக்கத்து ஊர் டீசல் பம்ப் கடையில் கழற்றிக் கொடுத்து ‘கேலிபரேஷன்’ பண்ணிக்கொண்டு வந்துவிடலாம். நம்ம போடி, கம்பம் பக்கமிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தாலே தெரியும். இருபது, இருபத்தைந்து வருஷம் ஓடுவதெல்லாம் அங்கே ஒரு செய்தியே இல்லை.

1990-களில் கதை ஊருக்குள் வந்தது. 1991-ல் டாடா சியரா, 1994-ல் சுமோ, 1998-ல் சஃபாரி, 2000-ல் பொலேரோ, 2002-ல் ஸ்கார்ப்பியோ. முதலில் காட்டுக்கும் மேட்டுக்குமாக இருந்த வண்டி, இப்போது கல்யாண மண்டப வாசலுக்கும் ஸ்கூல் கேட்டுக்கும் வந்து நின்றது.

வந்ததற்கு முக்கியமான காரணம் கம்பீரம் மட்டுமில்லை. விலை! வண்டியின் விலை இல்லை, டீசல் விலை.

லாரி, பஸ், டிராக்டர், பம்ப் செட் எல்லாம் டீசலில் ஓடுகின்றன. டீசல் ஏறினால் கத்திரிக்காய் ஏறும், பஸ் டிக்கெட் ஏறும். அதனால் டீசல் விலையை அரசாங்கம் பிடித்து அமுக்கியே வைத்திருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். விளைவு? 2012 மே கடைசியில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய்!

நீங்களே கணக்குப் போடுங்கள். மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். டீசல் எஸ்.யூ.வி. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் செலவு சுமார் 3,400 ரூபாய். அதே அளவு பெட்ரோல் வண்டி 9 கிலோமீட்டர் கொடுத்தால் 8,100 ரூபாய். மாசா மாசம் நாலாயிரத்து எழுநூறு ரூபாய் மிச்சம்! எவன் பெட்ரோல் வண்டி வாங்குவான்?

சரி, அந்த மிச்சத்தை உங்கள் சார்பில் யார் கட்டினார்கள்? 2012-13-ல் டீசலை அடக்க விலைக்குக் கீழே விற்றதில் மட்டும் எண்ணெய் கம்பெனிகளின் கணக்கில் விழுந்த துண்டு 92 ஆயிரம் கோடி ரூபாய். அதில் பெரும்பங்கை அரசாங்கம் நம் வரிப்பணத்திலிருந்து அடைத்தது. விவசாயிக்காகப் போட்ட பந்தியில் எஸ்.யூ.வி.க்காரரும் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார் என்பதுதான் விஷயம். அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. பந்தியில் இடம் காலியாக இருந்தது, உட்கார்ந்தார்.

இன்னொரு பில்லும் இருந்தது. அதைக் கட்டியது நுரையீரல்.

டீசல் புகையில் வரும் கரித்துகள் ரொம்ப ரொம்பப் பொடி. மூக்கில் நிற்காது. நேராக நுரையீரலின் அடி ஆழம்வரை போய் உட்காரும். 2012 ஜூனில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று தெளிவாக அறிவித்தது. நாம் பங்க்கில் மலிவு விலையைக் கொண்டாடிய அதே கோடைக்காலம்!

டெல்லியில் காற்றே பார்க்கமுடியாத அளவுக்குத் தடித்துப்போக, கோர்ட்டுகள் களத்தில் இறங்கின. 2015 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், பத்து வயசு தாண்டிய டீசல் வண்டி தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்றது. அதே வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், 2,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களையும் எஸ்.யூ.வி.க்களையும் அங்கே புதிதாகப் பதிவு செய்யவே தடை விதித்தது. மஹிந்திரா என்ன செய்தது தெரியுமா? 2,179 சிசி இன்ஜினைக் கொஞ்சம் சுருக்கி, 1.99 லிட்டராக்கி அடுத்த மாசமே கொண்டுவந்துவிட்டது! சட்டம் அளவைக் கேட்டது, அளவைக் குறைத்தார்கள். புகையைக் கேட்டிருந்தால்? 2016 ஆகஸ்டில் அந்தத் தடை நீங்கியது. பதிலுக்கு, வண்டி விலையில் ஒரு சதவிகிதம் பசுமை வரி.

பத்து வருஷ விதி மட்டும் போகவில்லை. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிசெய்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை டெல்லிக்காரர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆட்சேபணை இல்லை என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு அவை வேறு மாநிலங்களுக்குப் போயின. வண்டி போன இடத்துக்குப் புகையும் போனது. அந்த ஊர் குழந்தைகளுக்கும் நுரையீரல் உண்டுதானே?

இந்த இடத்தில்தான், ‘வயசா முக்கியம், தரமா முக்கியம்?’ என்ற கேள்வி வருகிறது. பி.எஸ்.3 காலத்து டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு கந்தகம் இருக்கலாம். பி.எஸ்.4-ல் அது 50. 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பி.எஸ்.6-ல் வெறும் 10. கூடவே புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டரும் வந்தது. அதாவது, 2009 வண்டியும் 2021 வண்டியும் ஒரே சாதி இல்லை. ஒரே ‘பத்து வருஷ’ அளவுகோலால் இரண்டையும் அளப்பது எப்படி நியாயமாகும்?

பங்க் விவகாரத்துக்குப் பிறகு வழக்கு மறுபடி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2025 ஆகஸ்டில், வயசை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது கோர்ட். டிசம்பரில் அதைத் திருத்தி, அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4-க்கும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கும்தான், அதற்கு முந்தையவற்றுக்கு இல்லை என்றது. பத்து வருஷம் கழித்து, காலண்டரைப் பார்த்த சட்டம் கொஞ்சம் புகைக்குழாய் பக்கமும் திரும்பியது!

‘நமக்கென்ன, நாம் இருப்பது தமிழ்நாட்டில்’ என்கிறீர்களா? உண்மைதான். இங்கே பத்து வருஷ விதி இல்லை. பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால், காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வயசு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரிகிறதா?

விலைச் சலுகையும் போய்விட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலையையும் அவிழ்த்துவிட்டார்கள். 2020 ஜூனில் டெல்லியில் சில நாள் பெட்ரோலைவிட டீசல் விலை அதிகமாகக்கூட இருந்தது. பழைய ஜீப்பின் எளிமையும் போயாச்சு. இன்றைய டீசல் இன்ஜினில் எரிபொருளைப் பீய்ச்சும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். ஸ்பானரோடு வந்த மெக்கானிக் இப்போது கம்ப்யூட்டரோடு வருகிறார். கரி ஃபில்டர் இருக்கிறதே, அது நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிச் சூடேறினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தினமும் வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் டீசல் எஸ்.யூ.வி. வாங்குவது வீண் வம்பு. அடைக்கிறது என்று அந்த ஃபில்டரையே வெட்டி எடுத்துவிடச் சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அதை எடுத்துவிட்டால் பி.எஸ்.6 வண்டிக்கும் பழைய வண்டிக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வண்டியை இருபது வருஷம் பேணிக் காப்பது நல்ல குணம். சந்தேகமே இல்லை. புது வண்டி ஒன்றைச் செய்யவும் இரும்பும் கரியும் மின்சாரமும் வேண்டும்தானே? ஆனால், பேணுவது என்றால் வெறும் பாலீஷ் போடுவது இல்லை. பணம் கொடுத்துப் புகைச் சான்றிதழ் மட்டும் வாங்கிவருவதும் இல்லை.

நாளைக்குக் காலையில் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் யாரையாவது வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் போய் நின்று பாருங்கள். சிக்னலில் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு ஒரு குழந்தை வருமே, அதன் மூக்கு அந்த உயரத்தில்தான் இருக்கும். கறுப்பாக வந்தால், அன்றைக்கே நாசிலைக் கழற்றிக் கொடுங்கள். வரவில்லை என்றால், பி.எஸ்.6 ஃபில்டரைத் தொடாதவரை பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்... உங்கள் வண்டிக்கு வயசு ஏறியிருக்கலாம், கிழடு தட்டவில்லை!