தப்பிக்கும் அறை விளையாட்டு (கல்வியில்)

ஒரு குழுவை அறைக்குள் விட்டு, அங்குள்ள துப்புகளைக் கொண்டு புதிர்களை அவிழ்த்து, பெரும்பாலும் 60 நிமிடங்களுக்குள் வெளியேறச் சொல்லும் விளையாட்டு; பேச்சுவழக்கில் ‘எஸ்கேப் ரூம்’. 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் டக்காவோ கட்டோ நடத்தியதே முதலாவது என்று பொதுவாகச் சொல்வர். பின்னர் செவிலியம், மருந்தியல் வகுப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் பரவியது. வகுப்பில் யாரையும் பூட்டிவைப்பதில்லை. எண்பூட்டுப் போட்ட ஒரு பெட்டி போதும்.

செய்து கற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதில் குழந்தை தன் வேகத்தில் அட்டை அட்டையாக முன்னேறும். இங்கோ கடிகாரம் துரத்தும், குழுவாகத்தான் வெல்ல முடியும்.

புதிர் பாடத்திலிருந்தே பிறக்க வேண்டும். குன்னூர்–மேட்டுப்பாளையம் மலைப்பாதையிலுள்ள பர்லியார் அரசு தோட்டக்கலைப் பண்ணை இதற்குத் தோதான களம். அங்கு விளையும் மங்குஸ்தான் பழத்தின் அடியில் சிறு பூப்போன்ற தழும்பு இருக்கும்; அதன் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று தெரிந்துவிடும். அந்த எண்ணே பூட்டின் முதல் இலக்கமாகலாம். (பழத்தை உடைத்துப் பார்க்கும் ஆசையை ஆசிரியர்தான் கடைசிவரை தடுக்க வேண்டும்.) ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் ஒரே கனிக்குள் இருப்பவை என்பது அடுத்த துப்பு.

ஆட்டம் முடிந்ததும் எந்தப் புதிரை எப்படி அவிழ்த்தோம் என்று மாணவர் பேசுவது கட்டாயம். நாலைந்து பேருக்கு ஒரு பெட்டி வேண்டும் என்பதால், தயாரிப்புக்கு ஆகும் நேரமே இம்முறையின் பெருங்குறை.