தாஜா

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரையும் கவுஞ்சியையும் தாண்டினால் பூண்டி. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் ஊர்களில் ஒன்று. அறுவடைக்குப் பிறகு ஒரு வீட்டு வாசலில் பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பல நாள் கூலி பாக்கி. ஒருவருக்கு மட்டும் முந்தின நாளே கைக்கு வந்துவிட்டது.

“தோட்டக்காரர தாஜா பண்ணி வாங்கிட்டா டீச்சர்” என்றார் பக்கத்திலிருந்தவர்.

அந்தப் பெண் நிமிரவில்லை. “உங்க பூண்டு மாதிரி வேற எங்கயும் இல்லண்ணேன்னு ஒரு வார்த்த சொன்னேன். என் கூலியத்தானே கேட்டேன்?”

இச்சகம், முகஸ்துதி, காக்கா பிடித்தல், ஐஸ் வைத்தல் என்று இதற்கு நம்மிடம் சொற்கள் நிறைய. ஆண் மேலதிகாரியைப் புகழ்ந்தால் ‘காக்கா பிடிக்கிறான்’ என்று சிரிக்கிறோம். பெண் புகழ்ந்தால் ‘மயக்கிவிட்டாள்’ என்று அவள் நடத்தையையும் சேர்த்து இழுக்கிறோம். மனைவி சொல்லைக் கணவன் கேட்டால் அது தலையணை மந்திரம். கணவன் சொல்லை மனைவி கேட்டால் அதற்கு அப்படியொரு பெயரே கிடையாது.

இந்த ஓரவஞ்சனை பழையது. திருக்குறளின் 10ஆம் அதிகாரமான ‘இனியவை கூறல்’ இன்சொல்லை அறமாகச் சொல்கிறது. 92ஆம் அதிகாரத்தில், பொருளுக்காகப் பழகும் பெண்களின் வாயில் வரும்போது அதே இன்சொல் கேடு தருவதாகிவிடுகிறது. ஆனால் பொருள் வேண்டி அரசனைப் புகழ்ந்த புலவர்களை யாரும் இப்படிப் பழிக்கவில்லை. புகழ்ந்து பரிசு கேட்பதற்குப் ‘பரிசில் கடாநிலை’ என்று ஒரு துறையே வகுத்திருக்கிறோம்.

பெண் புகழ்ந்து பேசி மதிக்கப்பட்ட இடமும் உண்டு. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் அவர் அவற்றை மெச்சுகிறார்: பீலியும் மாலையும் சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இவை அழகாக இருக்கின்றன, எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன. மெச்சலுக்குள் எச்சரிக்கை இருக்கிறது. அதை அரசதந்திரம் என்று வகுப்பில் நானும் நடத்துகிறேன். ஔவையின் பின்னால் ஒரு படை இருந்தது என்பதை மட்டும் சொல்ல மறந்திருக்கிறேன்.

பூண்டிப் பெண்ணின் பின்னால் இருப்பவை சட்டங்கள். 1948இன் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் விவசாயக் கூலிக்கும் பொருந்தியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றது 1976இன் சம ஊதியச் சட்டம். இவற்றைச் சொல்லிக் கேட்டால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால்தான் பூண்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையை முதலில் சொல்லவேண்டியிருக்கிறது.

புலவர்கள் கேட்டது பரிசில். அவர் கேட்டது செய்து முடித்த வேலைக்கான கூலி. முன்னதற்கு இலக்கணம் எழுதிய நாம், பின்னதைத் தாஜா என்கிறோம்.