பின்னமும் தசமமும்: சுங்கை சிப்புட் தோட்டக் கணக்கு

முழுமை ஒன்றின் பங்கை எழுத எண்கணிதத்தில் இரண்டு வழிகள் உண்டு. 3/8 என்பது பின்னம். கீழே நிற்கும் பகுதி எண் முழுமை எத்தனை சம பங்காயிற்று என்பதையும், மேலே நிற்கும் தொகுதி எண் அவற்றில் எத்தனையை எடுத்தோம் என்பதையும் சொல்லும். அதே அளவைப் பத்து, நூறு, ஆயிரத்தின் பங்குகளாக 0.375 என்று எழுதினால் தசமம். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இவற்றோடு விழுக்காடும் கற்பிக்கப்படுகிறது.

பேராக்கில் ஈப்போவுக்கு வடக்கே, ரப்பர் தோட்டங்கள் சூழ வளர்ந்த ஊர் சுங்கை சிப்புட். மெட்ரிக் முறை வருமுன் அங்கு உட்பட மலாயாவில் வழங்கிய நிறுவையில் 1 பிக்குல் 100 காத்தி, 1 காத்தி 16 தாஹில். மேலே ஏறினால் நூறு, கீழே இறங்கினால் பதினாறு. மாணவரைத் தடுமாற வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 3 பிக்குல் 45 காத்தியை 3.45 பிக்குல் என்று புள்ளி வைத்து முடித்துவிடலாம். 45 காத்தி 6 தாஹிலை 45.6 என எழுத முடியாது. 6/16 சுருங்கி 3/8 ஆகும். ஆகவே விடை 45.375 காத்தி.

பதினாறாம் பங்கு தமிழருக்குப் புதிதன்று. பழந்தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில், அதாவது பின்ன எண்களில், 1/16 வீசம் அல்லது மாகாணி, 1/8 அரைக்கால், 1/20 மா, 1/320 முந்திரி. அந்தக் கணக்கில் 6 தாஹில் என்பது காலே அரைக்கால் காத்தி. கூட்டலுக்குப் பொதுப் பகுதி எண் தேடும் வேலை பெயருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது: 1/4 + 1/8 = 2/8 + 1/8 = 3/8.

1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழி திறந்தது. 1 காத்தி ஏறத்தாழ 0.605 கிலோகிராம். தோட்டத்தில் ரப்பர் பாலின் எடையைவிட அதிலுள்ள உலர்ந்த ரப்பரே முக்கியம். அது பெரும்பாலும் பால் எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருக்கும். 40 கிலோ பாலில் 35 விழுக்காடு என்றால் 40 × 0.35 = 14 கிலோ. மனக்கணக்குக்குப் பின்னமே வேகம்: 35/100 என்பது 7/20, நாற்பதில் இருபதில் ஒரு பங்கு 2, அதன் ஏழு மடங்கு 14.

சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் அங்கு மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி 1954இல் அமைந்தது. 2003 முதல் சில ஆண்டுகள் அங்கு உட்பட நாடெங்கும் கணிதம் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டு, பின்னர் தமிழ்ப்பள்ளிகளில் தமிழுக்கே திரும்பியது.

தசமத்தில் மாணவர் அதிகம் சறுக்குமிடம் ஒப்பீடு. 35 நான்கைவிடப் பெரிது என்பதால் 0.35ஐ 0.4ஐவிடப் பெரிதாகக் கொள்வார்கள். 0.4ஐ 0.40 என்று எழுதினால் ரிங்கிட் கணக்கில் 40 சென்னும் 35 சென்னும் கண்முன் நிற்கும்.

எல்லாப் பின்னமும் தசமமாக முடிவதில்லை. முழுதும் சுருக்கிய பின்னத்தின் பகுதி எண்ணில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இருந்தால் இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும்; 1/3 = 0.333… பத்து ரிங்கிட்டை மூவர் பங்கிட்டால் ஆளுக்கு 3.33 ரிங்கிட், மீதி 1 சென். 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியக் கடைகளில் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது: 4.37 ரிங்கிட் 4.35 ஆகும், 4.38 ரிங்கிட் 4.40 ஆகும்.