நாள், கிலோ, பங்கு: பேராக் பால்மரக் காடுகளில் ‘சொந்தமாக வெட்டுபவர்’ யார்?

மலாயாத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு வம்சாவளி நிலைபெற்றுவிட்டது. கங்காணியின் வாரிசு காண்ட்ராக்டர். காண்ட்ராக்டரின் வாரிசு, இன்று எவர் பெயர்ப் பட்டியலிலும் இல்லாமல் பால் வெட்டி ‘நான் சொந்தமா வெட்டுறேன்’ என்று சொல்லும் பங்கு வெட்டுக்காரர். சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா வட்டாரங்களின் பழைய தோட்டங்களைப் பற்றி எழுதுவோரும் இந்த வரிசையை அப்படியே ஏற்கிறார்கள். ஆளுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் எப்போதும் ஓர் இடைத்தரகர் இருந்தார், காலத்துக்கேற்பச் சட்டையை மாற்றிக்கொண்டார் என்பது அதன் சாரம்.

இந்த வம்சாவளி தவறு என்பது என் வாதம். ஆளைப் பின்தொடர்ந்தால் கங்காணியில் தொடங்கிப் பங்கு வெட்டுக்காரரில் முடியலாம். கூலிக் கணக்கைப் பின்தொடர்ந்தால் வேறொரு வழி தெரிகிறது. பேராக்கில் அந்த வழி தோட்டத்து லயத்திலிருந்து புறப்படவில்லை. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கத்திலிருந்து வருகிறது. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் (சொக்சோ) முதல் அட்டவணையில் உள்ள ஒரு வரி அதற்குச் சான்று. கட்டுரையின் பெரும்பகுதியை அந்த வரிக்கே ஒதுக்குகிறேன்.

கங்காணி எதை விற்றார்?

கங்காணி ஆள் சேர்த்தார், கடன் கொடுத்தார், அதட்டினார், சுரண்டினார். இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த ‘தலைக்காசு’ எதற்காக என்று பார்க்க வேண்டும். விடியலில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் தோட்டம் அவருக்குச் சில காசு கொடுத்தது. வந்தவர் பெயரைக் கிராணி (தோட்டத்து எழுத்தர்) செக்ரோல் என்ற பதிவேட்டில் எழுதினார். பொதுவான நடைமுறையில் கூலி தோட்டத்துக் கணக்கிலிருந்தே வந்தது. கங்காணி விற்றது ஆள்வரவை, பாலை அல்ல. அவர் எவ்வளவு கொடியவராக இருந்தாலும், அவருக்குக் கீழிருந்த தமிழர் தோட்டத்தின் ஆளாகவே கணக்கில் நின்றார். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்து, ஆள் சேர்க்கும் கங்காணியின் வழி அடைபட்ட பின்னும் செக்ரோல் அப்படியே இருந்தது.

அதே தோட்டங்களில் இன்னொரு கணக்கும் நடந்தது. சீன வெட்டுக்காரர்கள் பெரும்பாலும் ‘கெப்பாளா’ எனப்பட்ட தலைவரின் கீழ், காண்ட்ராக்ட் முறையில், வெட்டிய ரப்பரின் எடைக்குக் காசு வாங்கினார்கள். தமிழருக்கு நாட்கணக்கு, சீனருக்கு எடைக்கணக்கு. காண்ட்ராக்டர் கங்காணிக்குப் பிறகு வந்தவர் அல்லர். பக்கத்து நிரையில் முன்பே நின்றவர்.

கங்காணிகளே களையெடுப்பைக் காண்ட்ராக்டாக எடுத்ததுண்டே என்று கேட்கலாம். உண்டு. அது பக்கத் தொழில். பால்வெட்டின் கணக்கை அது மாற்றவில்லை.

நாளிலிருந்து கிலோவுக்கு

1957 ஜூன் 1 அன்று நடப்புக்கு வந்த 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இந்த இரு கணக்குகளையும் ஒரே ஏட்டில் வைத்தது. அதன் 16ஆம் பிரிவு தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாள் வேலை கொடுக்கச் சொல்கிறது. அவர் வேலைக்குத் தயாராகவும் தகுதியாகவும் இருந்தும் கொடுக்க முடியாமற்போனால் அந்த நாட்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும். பலரும் பாராட்டிய பிரிவு இது. ஆனால் இந்தப் பாதுகாப்பு மாதத்தில் வேலை செய்த நாட்களை வைத்துக் கூலி கணக்கிடப்படுகிறவருக்கு உரியது. கணக்கு நாளிலிருந்து கிலோவுக்கு மாறினால், ஒருவரையும் வேலைநீக்கம் செய்யாமலே 24 நாள் பொறுப்பு கைநழுவிப் போகும்.

33ஆம் பிரிவு காண்ட்ராக்டரைப் பற்றியது. காண்ட்ராக்டர் தம் ஆட்களுக்குக் கூலி பாக்கி வைத்தால், வேலையைக் கொடுத்த முதன்மையாளரும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். ஆனால் தொடர்ந்தாற்போல் மூன்று மாதக் கூலிக்கு மேல் பொறுப்பில்லை. தொழிலாளியும் கூலி சேரவேண்டிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முறையிட வேண்டும். இதைத் தொழிலாளரைக் கைவிட்ட பிரிவு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ‘உன் நிலத்தில் உன் தொழிலுக்காக உழைத்தவனுக்கு நீயும் பொறுப்பு’ என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. குறை வேறிடத்தில் இருக்கிறது: கூலி பாக்கி பெற ஒரு ‘தொழிலாளி’ இருந்தாக வேண்டும். வெட்டுக்காரரையே காண்ட்ராக்டர் என்று எழுதிவிட்டால், கூலி என்ற ஒன்றே கணக்கில் இல்லை. 33ஆம் பிரிவு பற்றிக்கொள்ளக் கொம்பு இருக்காது.

கிலோக் கணக்கு ஒருவரைத் தனி வணிகராக ஆக்கிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2013இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பள ஆணை, உருப்படிக்கும் எடைக்கும் காசு வாங்குகிற தொழிலாளரையும் பெயர் சொல்லி உள்ளடக்கியது. ஆகவே கிலோவோடு மட்டும் நின்றிருந்தால் வெட்டுக்காரர் தொழிலாளியாகவே இருந்திருப்பார். அடுத்த அடி அவரைப் பங்குக்குக் கொண்டுபோனது.

அந்த அடி முன்பே விழுந்திருந்தது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை உங்கு அஜீஸின் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதைத் தடுக்கத்தான். துண்டு நிலத்துப் புது முதலாளிக்குக் கிராணி வேண்டாம், செக்ரோல் வேண்டாம், லயம் வேண்டாம். பாதிக்குப் பாதி, அறுபதுக்கு நாற்பது என்று பேசிவிட்டால் போதும்.

அந்த ஒரு வரி

சொக்சோ சட்டத்தின் முதல் அட்டவணை யார் யார் ‘தொழிலாளி’ அல்லர் என்று பட்டியலிடுகிறது. அதில் ஒருவர் ‘திரிபியூட்டர்’. சட்டம் தரும் விளக்கத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: பிறர் நிலத்தில் கனிமமோ எவ்வகை விளைபொருளோ எடுக்க அனுமதி பெற்று, அந்த அனுமதிக்கு ஈடாக, எடுத்ததில் ஒரு பங்கையோ அந்தப் பங்கின் மதிப்பையோ நிலத்துக்காரருக்குக் கொடுப்பவர்.

இது ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த சொல் அல்ல. கிந்தாவில் சுரங்கக் குத்தகை ஒருவர் பெயரில் இருக்கும். மண்ணைக் கழுவி ஈயம் எடுப்பது இன்னொரு கூட்டம். எடுத்ததில் ஒரு பங்கைக் குத்தகைக்காரருக்குக் கட்டிவிட்டு மீதியைத் தாங்கள் வைத்துக்கொள்வார்கள். அந்தத் திறைப் பங்குதான் ‘திரிபியூட்’. கனிமம் என்ற சொல் முதலில் நிற்பதும் விளைபொருள் அதன் பின்னால் ஒட்டி வருவதும் இதன் தடயம் என்று கருதுகிறேன். சட்டத்தில் பங்கு வெட்டுக்காரருக்கு மூதாதை என்று ஒருவரைக் காட்ட வேண்டுமானால் அவர் கங்காணி அல்லர். ஈயம் கழுவிய திரிபியூட்டர்.

இனிதான் சிக்கல். பால்மரம் வெட்டிப் பங்கு வாங்கும் எல்லாரும் திரிபியூட்டர்கள், ஆகவே சொக்சோ அவர்களுக்கு இல்லை என்பது பரவலான வாசிப்பு. ‘எவ்வகை விளைபொருளும்’ என்று இருப்பதால் ரப்பர்ப் பாலும் அடங்கும் என்பார்கள். அடங்கும். அந்தச் சொற்கள் பொருளின் வகையை விரிக்கின்றன. உறவின் வகையை விரிக்கவில்லை.

வரையறையின் உயிர் அதன் வினைச்சொல்லில் இருக்கிறது: கொடுப்பவர். திரிபியூட்டர் எடுக்கிறார், எடுத்தது அவர் கையில் இருக்கிறது, அதிலிருந்து நிலத்துக்காரருக்குக் கொடுக்கிறார். பங்கு உழைப்பவரிடமிருந்து உடைமையாளரிடம் போகிறது. பேராக்கின் பால்மரக் காட்டில் வழக்கமாக நடப்பது இதன் தலைகீழ். விடிவதற்குள் மரத்தைக் கீறி, பால் ஒழுகி நின்றதும் கோப்பை கோப்பையாகச் சேர்த்து, வெட்டுக்காரர் கொண்டுவந்து கொட்டுகிறார். நிலத்துக்காரரோ அவருடைய காண்ட்ராக்டரோ எடை போடுகிறார், மெட்ரோலாக்கை விட்டு ரப்பர்ச் சத்தைப் பார்க்கிறார், வியாபாரியிடம் விற்கிறார், விலையைச் சொல்கிறார், ஒரு பங்கை வெட்டுக்காரர் கையில் தருகிறார். இங்கே கொடுப்பவர் உடைமையாளர், வாங்குபவர் உழைப்பவர். வரையறை கேட்கும் திசை இது அல்ல.

திசை மாறினால் உறவும் மாறுகிறது. உடைமையாளர் தம் நிலத்தின் பாலைத் தாமே விற்று, வெட்டியவருக்கு ஒரு பின்னத்தைக் கொடுத்தால், அந்தப் பின்னம் கூலிதான். கிலோவுக்கு இத்தனை காசு என்பதற்குப் பதில், கிலோவின் விலையில் பாதி என்று கணக்குப் போடுகிறார்கள். விலை ஏறியிறங்கும்போது கூலியும் ஏறியிறங்கும். அதனால் அவர் பங்காளி ஆகிவிடமாட்டார். விலை வீழ்ச்சியின் அடியைச் சுமக்கும் கூலியாள் ஆகிறார். மழைக்காலத்தில் வெட்டு நின்றால் அந்த நாட்களும் அவர் தலையில்தான்.

இதற்கு எதிராக வரக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. விற்பவர் உடைமையாளராக இருந்தாலும் வெட்டுக்காரரின் முகவராக இருந்து விற்கிறார். தம் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். ஆகவே சட்டத்தின் கண்ணில் கொடுப்பவர் வெட்டுக்காரரே என்று சொல்லலாம். இதை எளிதில் தள்ள முடியாது. ஆனால் ஒருவர் எனக்கு முகவர் என்றால், எந்த வியாபாரியிடம் விற்பது என்பதில் எனக்குப் பேச்சிருக்க வேண்டும். விற்ற பில்லைக் கேட்டு வாங்க உரிமை வேண்டும். தராசு முள்ளைப் பார்க்கவும் மெட்ரோலாக் அளவை மறுக்கவும் முடிய வேண்டும். சிறுதோட்டக்காரர்கள் ரப்பர் விற்க மலேசிய ரப்பர் வாரியம் வழங்கும் பாட்-ஜி அட்டை இங்கே நல்ல உரைகல். விற்கும் மேசையில் யாருடைய அட்டை வைக்கப்படுகிறது? வெட்டுக்காரர் தம் அட்டையில் தாமே விற்று நிலத்துக்காரரின் பங்கைக் கட்டினால், அவர் திரிபியூட்டர் என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். நிலத்துக்காரரின் அட்டையிலேயே முழுப்பாலும் போய்விட்டால், முகவர் வாதத்துக்கு இடமில்லை.

வெட்டுக்காரர்களே தங்களைச் சொந்தத் தொழில் செய்பவர்களாகக் கருதுகிறார்களே என்ற மறுப்பை நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மேற்பார்வை பார்த்த மண்டோருக்குப் பயந்து பெரட்டில் நின்ற தலைமுறையின் பிள்ளைகளுக்கு ‘சொந்தமா’ என்ற சொல் மானத்தின் சொல். அதை மதிக்க வேண்டும். ஆனால் வேலையுறவை மானம் தீர்மானிப்பதில்லை. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின் கீழ் எடுத்த ஒரு பதிவுத்தாளும் தீர்மானிப்பதில்லை. 1995இல் ஹோ கியாங் ங்கான் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், கட்டுப்பாடு முக்கியம், ஆனால் அதுவே முடிவானது அல்ல என்று கூறி, உறவை முழுமையாகப் பார்க்கும் வழியைக் காட்டியது. கிந்தாவின் பெயர்ப்பலகை தொங்குகிறது என்பதற்காகப் பால்மரக் காட்டை ஈயச் சுரங்கமாகக் கொள்ள முடியாது.

இப்போது

வேலைச் சட்டத்தில் 2022இல் சேர்க்கப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 101சி பிரிவு இந்த வாசிப்புக்குத் துணை நிற்கிறது என்று நம்புகிறேன். வேலைக்கு அமர்த்தும் எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது, சில அடையாளங்கள் இருந்தால் ஒருவரைத் தொழிலாளி என்றே ஊகிக்க வேண்டும் என்கிறது அது. வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் பிறர் கட்டுப்படுத்துவது, கருவிகளைப் பிறர் தருவது, அந்த வேலை பிறருடைய தொழிலின் உறுப்பாக இருப்பது, தவணை தவறாமல் வரும் அந்தப் பணமே வருமானத்தின் பெரும்பகுதியாக இருப்பது ஆகியவை அந்த அடையாளங்களில் சில. இந்த ஊகத்தை மறுத்து நிரூபிக்கலாம். அது சட்டக் குற்ற நடவடிக்கைகளில்தான் எழுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் ‘காண்ட்ராக்ட்’ என்று தலைப்பிட்ட தாள் கையெழுத்தாகியிருப்பதால் ஊகத்துக்கு இடமில்லை என்று வாதிடுவது பிழை. பிரிவு கேட்பது வேலைக்கு அமர்த்தும் ஒப்பந்தம். வேலையை முடித்துக்கொடுக்கும் ஒப்பந்தத்தை எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. இருட்டில் தலைவிளக்கோடு காட்டுக்குள் நடப்பவரைப் பாம்பு தீண்டினால், அவர் தொழிலாளியாக இருந்தால் முதலாளியும் சந்தா கட்டிய சொக்சோ பொறுப்பேற்கும். திரிபியூட்டர் என்றால், 2017ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவரே சந்தா கட்டியிருந்தால்தான் உண்டு. விவசாயத் துறைக்கு அந்த வாசல் திறந்ததே 2020இல்தான்.

ஆகவே தொழிலாளர் இலாகா அதிகாரியிடமும் இத்துறை ஆய்வாளரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘நீங்கள் யார் ஆள்?’ என்று கங்காணிக் காலத்துக் கேள்வியோடு காட்டுக்குள் போகாதீர்கள். ‘பாலை விற்றது யார்?’ என்று முதலில் கேளுங்கள். விற்றவர் வேறு, வெட்டியவர் வேறு என்றால், வெட்டியவர் தொழிலாளி.