ஒரு பக்கத்தில் அடங்கிய பௌதிகம்

1993ஆம் ஆண்டு பிரித்தானியாவில் விஞ்ஞானத்துறைக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் வில்லியம் வால்ட்கிரேவ், அந்நாட்டுப் பௌதிகவியலாளர்களுக்கு ஒரு சவால் விடுத்தார். ஹிக்ஸ் போசொன் என்பது யாது, அதை ஏன் தேடவேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் விளக்குவோருக்கு ஒரு போத்தல் ஷம்பேன் பரிசு என்றார்.

வேடிக்கையாகத் தோன்றும் இவ்வறிவிப்பின் பின்னால் பெரும் பணம் இருந்தது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடம் புதிய துணிக்கை மோதுகருவி ஒன்றை அமைக்கத் திட்டமிட்டிருந்தது. பிரித்தானிய மக்களின் வரிப்பணமும் அதற்குச் செல்லவேண்டும். விளங்காத பொருளுக்குப் பணம் கொடுப்பது எப்படி? ஓர் அமைச்சரிடமிருந்து இதைவிட நியாயமான கேள்வியை எனது பத்திரிகை வாழ்வில் நான் அதிகம் கேட்டதில்லை.

பரிசு பெற்றவர்களுள் ஒருவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் மில்லர். கட்சித் தொண்டர்கள் நிறைந்த ஒரு விருந்து மண்டபத்தை அவர் வர்ணித்தார். அங்கே முன்னாள் பிரதமர் நுழைகிறார். 1990இல் பதவி துறந்த மார்கரெட் தட்சரே வாசித்தவர்களின் நினைவுக்கு வந்தார். அருகிலுள்ளோர் அவரை மொய்க்கின்றனர். அவர் நகர நகர, பழையவர்கள் விலகப் புதியவர்கள் சூழ்கின்றனர். சூழ்ந்த கூட்டத்தினால் அவரது திணிவு கூடிவிடுகிறது. நடக்கையில் நிறுத்துவது கடினம். நின்றபின் நகர்த்துவதும் கடினம். தொண்டர் கூட்டமே ஹிக்ஸ் புலம்.

இத்துடன் நின்றிருந்தால் இதைச் சாதாரண உவமானம் என்றே கொள்வேன். மில்லர் மேலும் ஒரு படி சென்றார். எவரும் நுழையாமல், வாசலில் ஒரு வதந்தி மட்டும் நுழைந்தால்? அதைக் கேட்க அருகிலிருப்போர் நெருங்கிக் கூடுவர். பின்னர் அடுத்தவர்களுக்குச் சொல்லத் திரும்புவர். ஆளே இல்லாத ஒரு கும்பல் மண்டபத்தைக் கடந்து செல்லும். அதுவே ஹிக்ஸ் துணிக்கை. புலமும் துணிக்கையும் வெவ்வேறல்ல என்ற கடினமான கருத்தை ஒரே கூட்டத்தைக் கொண்டு சொல்லிவிட்டார்.

அதே ஆண்டில் லியோன் லெடர்மனின் நூலொன்று, அத்துணிக்கைக்குக் 'கடவுள் துணிக்கை' என்ற பெயரைப் பரப்பியது. தலைப்புக்கு அருமையான பெயர். எம் தமிழ்ப் பத்திரிகைகளும் விடவில்லை. ஆனால் அது எதையும் விளக்கவில்லை என்பதுதான் என் குறை.

1993 ஒக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ், ரெக்சாசில் ஏறக்குறைய 200 கோடி டொலர் செலவாகியிருந்த மோதுகருவித் திட்டத்தைக் கைவிட்டது. செலவு ஏறிக்கொண்டே போனமை அதற்கு முக்கிய காரணம்; நல்ல உவமானம் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் வாதிடமாட்டேன். சேர்ன் திட்டத்துக்கோ 1994 டிசம்பரில் அங்கீகாரம் கிடைத்தது. 2012 ஜூலை 4 அன்று அத்துணிக்கை கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு பீற்றர் ஹிக்சும் பிரான்சுவா எங்லேரும் நோபல் பரிசு பெற்றனர்.

மில்லரின் மண்டபத்துக்கும் எல்லை உண்டு. கூட்டம் நடப்பவரின் வேகத்தைக் குறைக்கும். ஹிக்ஸ் புலமோ சீராகச் செல்லும் துணிக்கையின் வேகத்தைக் குறைப்பதில்லை. மேலும், எல்லாத் திணிவும் அப்புலம் தந்ததென்று எண்ணுவதும் தவறு. புரோத்தனின் திணிவில் மிகப் பெரும்பகுதி, அதனுள் குவார்க்குகளைப் பிணைத்துவைக்கும் வலுவிசையின் சக்தியிலிருந்து வருவது. குவார்க்குகளுக்கு ஹிக்ஸ் புலம் அளிக்கும் திணிவு, அதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே.