மூப்பு, மணி, காத்திருப்பு: அமெரிக்க விமானிகளின் வரலாற்றிலிருந்து

தொழிலாளர் வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆலைச் சங்கும் கதவடைப்பும்தான். வானத்தில் பறக்கிறவனைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள நம்முடைய மார்க்சியர்களுக்கே கொஞ்சம் கூச்சம். கைநிறையச் சம்பளம், தோளில் பொன்பட்டை, இவர்களுக்கென்ன குறை என்கிற எண்ணம். ஆனால் உழைப்புக்கும் காலத்துக்குமான உறவை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இன்னொரு தொழில் எனக்குத் தட்டுப்படவில்லை. அமெரிக்க விமானியின் காலம் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. மாதத்தில் எத்தனை மணி பறப்பது என்பது ஒன்று. யார் முதலில் வந்தவர் என்பது மற்றது. முன்னதை மணி என்றும் பின்னதை மூப்பு என்றும் சொல்லிக்கொள்வோம். இரண்டும் போராடிப் பெற்ற ஆயுதங்கள். ஒன்று ஆட்களைச் சேர்த்து வைக்கிறது, மற்றது பிரித்து வைக்கிறது என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

1

டேவிட் பென்க்கி தலைமையில் விமானிகள் சங்கம் 1931இல் உருவானது. மறு வருஷமே சிகாகோவில் செஞ்சுரி ஏர்லைன்ஸ் முதலாளி கார்ட் ஊதியத்தை வெட்டினார். ஏற்க மறுத்த விமானிகள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1934 மே மாதம் தேசியத் தொழிலாளர் வாரியம் தனது 83ஆம் தீர்ப்பை வழங்கியது. விமானி மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. விமானத்தின் வேகம் கூடக்கூட ஊதியத்திலும் பங்கு கூட வேண்டும். களைத்த விமானி பயணிகளுக்கு ஆபத்து என்கிற பாதுகாப்பு வாதம் இதற்குப் பக்கபலமாக இருந்தது. ஆனால் அந்த 85க்குள் இன்னொரு கணக்கும் ஒளிந்திருந்தது. ஒருவன் பறக்காமல் விடும் மணி இன்னொருவனுக்கு வேலை.

1936இல் ரயில்வே தொழிலாளர் சட்டம் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. இந்தச் சட்டத்தில் ஒப்பந்தம் சாவதே இல்லை. தேதி முடிந்தால் அது 'திருத்தத்துக்குரியது' ஆகும், அவ்வளவுதான். பேச்சுவார்த்தை எத்தனை வருஷம் இழுத்தாலும் பழைய விதிகளே ஓடும். மத்தியஸ்த வாரியம் கையை விரித்து, அதற்கு மேலும் 30 நாள் ஆறப்போட்ட பிறகுதான் வேலைநிறுத்தம். காத்திருப்பையே சட்டமாக்கிவிட்ட ஏற்பாடு இது. காத்திருக்க முடிகிறவனுக்கே பலம்.

மூப்புக்கு வருவோம். மேலாளருக்குப் பிடித்தவனுக்கு நல்ல தடம், பிடிக்காதவனுக்கு ராத்திரித் தபால் என்றிருந்த காலத்தில், பட்டியல் ஒரு விடுதலைதான். வேலையில் சேர்ந்த தேதியை யாராலும் சலுகையாகத் தர முடியாது. எந்த விமானம், எந்த இருக்கை, எந்த ஊர், எப்போது விடுமுறை எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. ஆனால் எண் அந்த நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும். இருபது வருஷம் பறந்தவன் வேறு நிறுவனத்துக்குப் போனால் கடைசி ஆள். தமிழில் மூப்பு என்றால் முதுமை, தலைமை இரண்டும்தான். இங்கே இரண்டும் நிறுவனத்தின் சொத்து.

வேலை குறையும்போது கடைசியில் வந்தவன் முதலில் வெளியேறுவான். அதற்குப் பெயர் ஃபர்லோ. டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், சிப்பாய்க்குக் கிடைக்கும் விடுப்பைக் குறித்த சொல். நம்மை ஆண்ட துரைமார்கள் சொந்த ஊர் போய்வர எடுத்த நீண்ட விடுப்புக்கும் அதே பெயர். கேட்டு வாங்கிய விடுப்பு, கேட்காமல் தலையில் கட்டப்படும் சம்பளமில்லா விடுப்பாகத் திரிந்துவிட்டது. ஆள் நீக்கப்படுவதில்லை, பெயர் பட்டியலில் இருக்கிறது, ஒருநாள் கூப்பிடுவார்கள். அப்படியானால் காத்திருக்கும் அந்த வருஷங்கள் காலமா, காலமில்லையா?

2

இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. 1978இல் விமானத் துறைக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. 1983இல் காண்டினென்டல் நிறுவனத்தின் லொரென்சோ திவால் நீதிமன்றத்துக்குப் போய் ஒப்பந்தங்களைக் கிழித்துப்போட்டார். சாகாத ஒப்பந்தத்தைச் சாகடிக்கும் வழி திவால்தான் என்று அன்று தெரிந்தது. 2001 செப்டம்பருக்குப் பிறகு அந்த வழியில் பலர் போனார்கள். யு.எஸ். ஏர்வேஸ் 2002இலும் 2004இலும் இருமுறை திவாலானது. விமானிகளின் ஓய்வூதியத் திட்டம் 2003இல் முடித்துவைக்கப்பட்டது. ஊதியம் வெட்டப்பட்டது. ஏறத்தாழ 1,700 பேர் ஃபர்லோவில்.

2005இல் அந்த நிறுவனம் அமெரிக்கா வெஸ்ட் நிறுவனத்தோடு இணைந்தது. இரண்டு பட்டியல்களை ஒன்றாக்க வேண்டும். கிழக்கு விமானிகள் சேர்ந்த தேதிப்படி அடுக்கு என்றார்கள். மேற்குக்காரர்களோ, எங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் வேலை இருந்தது, உங்களில் பலருக்கு இல்லை என்றார்கள். நடுவர் ஜார்ஜ் நிக்கோலோ 2007 மே மாதம் தீர்ப்பளித்தார். கிழக்கின் மூத்தவர்கள் சுமார் 500 பேர் உச்சியில், நடுவில் இரு தரப்பும் கலந்து, ஃபர்லோவில் இருந்த 1,700 பேரும் அடியில். பதினாறு, பதினேழு வருஷங்களுக்கு முன் சேர்ந்தவர்கள், நேற்று சேர்ந்த மேற்கு விமானிக்குக் கீழே போனார்கள். காத்திருப்பு காலமில்லை என்று எழுதப்பட்டுவிட்டது.

எண்ணிக்கையில் அதிகமான கிழக்குக்காரர்கள் 2008இல் பழைய சங்கத்தை வாக்களித்து வெளியேற்றிப் புதிய சங்கம் அமைத்தார்கள். பொது ஒப்பந்தம் வந்தால்தான் நிக்கோலோ பட்டியல் அமலுக்கு வரும். ஆகவே பொது ஒப்பந்தம் வரவே இல்லை. 2013 வரை கிழக்குக்காரர்கள் திவால் காலச் சம்பளத்தில் பறந்தார்கள். ஒரே பெயர், ஒரே சீருடை, இரண்டு அட்டவணைகள். கிழக்கும் மேற்கும் ஒரே விமானியறையில் சேர்ந்து உட்காரவில்லை. நிர்வாகத்துக்கு இதைவிட மலிவான ஏற்பாடு வேறென்ன வேணும்? 2007 டிசம்பரில் ஓய்வு வயது 60இலிருந்து 65 ஆனபோது மேலே இருந்தவர்கள் அப்படியே தங்கினார்கள். கீழே இருந்தவர்களின் காத்திருப்பு நீண்டது. நிக்கோலோ பட்டியல் அப்படியே ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. வழக்குகள் மட்டும் 2015 வரை நடந்தன.

இதை விமானிகளின் சுயநலம் என்று கடந்துபோகலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. முதலாளியின் தயவுக்கு எதிராகக் கட்டிய சுவர், முதலாளி விலகி நின்றுகொண்ட பிறகு தொழிலாளிகளுக்கு நடுவே நின்றது.

3

மணி என்ன ஆயிற்று? முன்பெல்லாம் மாத அட்டவணைகள் தாளில் அச்சாகி வரும். ஒவ்வொன்றும் ஒரு 'லைன்'. மூப்புப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்துகொள்வார்கள். எல்லோர் கையிலும் ஒரே தாள். விடுமுறையோ பயிற்சியோ குறுக்கிட்டால் சில பயணங்கள் ஆளில்லாமல் விழும், அதைக் காத்திருப்பு விமானி எடுத்துக்கொள்வார். அந்த ஓட்டைகளில்தான் பல இளையவர்களின் வேலை இருந்தது.

2000களின் நெருக்கடியில் பல நிறுவனங்கள் கணினி முறைக்கு மாறின. விமானி தன் விருப்பங்களைப் பதிவு செய்கிறார். விடுமுறையையும் பயிற்சியையும் முன்கூட்டியே கணக்கில் எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டவணையை இயந்திரம் நெய்கிறது. வசதி இல்லை என்று சொல்லமாட்டேன், வேண்டிய நாளைக் கேட்டு வாங்க முடிகிறது. ஆனால் ஓட்டைகள் அடைபட்டன. அதே பயணங்களுக்குக் குறைந்த ஆட்கள் போதும். எண் இருக்கிறது, எண்ணுக்குரிய வேலை இல்லை. யாரும் யாரையும் வெளியேற்றவில்லை. கணக்கு சரியாகிவிட்டது, அவ்வளவே. எல்லோரும் ஒரே தாளைப் பார்த்து முணுமுணுத்த காலம் போய், அவரவர் திரையில் அவரவர் விதி.

இங்கே நம்பிக்கைக்கு ஒரு சிறு சான்றும் உண்டு. 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் விமானிகள் செப்டம்பர் இறுதியில் வாக்களித்து ஓர் ஒப்பந்தத்தை ஏற்றார்கள். இருக்கும் மணியைக் குறைத்துப் பகிர்ந்துகொள்வது. அதனால் 2,850 பேர் ஃபர்லோவுக்குப் போகாமல் தப்பினார்கள். எதிர்த்து வாக்களித்தவர்களும் கொஞ்சநஞ்சமில்லை. என் மூப்புக்கு நான் ஏன் விலை தரணும் என்கிற கேள்விக்கு அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனாலும் 1934இன் அந்த ஒளிந்திருந்த கணக்கை, 85க்குள் இருந்த இன்னொருவனின் வேலையை, கொஞ்ச காலத்துக்காவது அவர்கள் வெளியே எடுத்துப் படித்தார்கள். பட்டியலில் மேலே இருப்பவனும் கீழே இருப்பவனும் பேசிக்கொள்ள மூப்பு இடம் தருவதில்லை. மணி தருகிறது.