சிங்கப்பூரா, துபாயா? ஃபைனான்ஸ் வேலைக்கு ஃப்ளைட் ஏறும் முன் போட வேண்டிய கணக்கு!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் சி.ஏ., எம்.பி.ஏ., சி.எஃப்.ஏ. முடித்தவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும். “துபாய்ல டாக்ஸே கிடையாதுடா” என்பார் அப்பா. “சிங்கப்பூர்ல கோயில் இருக்கு, நம்ம பாஷை இருக்கு” என்பார் அம்மா. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். ஆனா, முடிவெடுக்க அது மட்டும் போதாது.

கதவு எப்படித் திறக்கும்?

சிங்கப்பூரில் ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ வாங்க, நிதித்துறையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 6,200 சிங்கப்பூர் டாலர் (2025 ஜனவரி முதல்). இது ஆரம்ப வயதுக்கான கணக்கு. வயது கூடக் கூட இந்த வரம்பும் ஏறி, 45 வயதில் 11,800 டாலர் ஆகிவிடும். இதுபோக, பெரும்பாலானோர் ‘காம்பஸ்’ மதிப்பீட்டில் 40 பாயின்ட் எடுக்கணும். சம்பளம், படிப்பு, அந்த கம்பெனியில் எந்தெந்த நாட்டுக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் சேரும். நீங்க கெட்டிக்காரரா இருந்தாலும், கம்பெனியின் நிலைமையும் உங்க பாஸைத் தீர்மானிக்கும்.

துபாயில் இப்படிப் பாயின்ட் முறை கிடையாது. வேலை தரும் நிறுவனமே விசாவுக்கு ஏற்பாடு செய்யும். அங்கே நிதித்துறையின் மையம், 2004-ல் தொடங்கிய டி.ஐ.எஃப்.சி. அதற்கென்று தனிச் சட்டம், ஆங்கிலத்தில் இயங்கும் தனி நீதிமன்றம் எல்லாம் உண்டு.

டாக்ஸ் இல்லைன்னா அவ்வளவும் மிச்சமா?

துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. சரி, சிங்கப்பூரில் எவ்வளவு போகும்? மாதம் 6,200 டாலர் என்றால் வருடத்துக்கு 74,400. வரிச் சலுகை எதுவும் கழிக்காமல் பார்த்தாலே வரி சுமார் 2,960 டாலர்தான். அரை மாசச் சம்பளம்கூட இல்லை! வேலைக்குப் போகும் வெளிநாட்டவருக்கு சி.பி.எஃப். பிடித்தமும் கிடையாது. ஆக, ஆரம்ப நிலையில் ‘டாக்ஸ் இல்லை’ என்பதை மட்டும் வைத்து முடிவெடுத்தால், சின்ன வித்தியாசத்துக்காகப் பெரிய முடிவு எடுத்த மாதிரி ஆகிவிடும். சம்பளம் ஏற ஏற, வரி 24 சதவிகிதம் வரை போகும். அப்போதுதான் துபாய் பக்கம் தராசு நன்றாகச் சாயும்.

வாடகை

உண்மையில் பர்ஸைக் காலி செய்வது இதுதான். சிங்கப்பூரில் மாதாமாதம் வாடகை கொடுக்கலாம். தனியாகப் போகிறவர்கள் பலர் ஒரு ரூம் மட்டும் எடுத்துக்கொள்வார்கள். துபாயிலோ வருட வாடகையைச் சில செக்குகளாகப் பிரித்து முன்கூட்டியே கொடுப்பது வழக்கம். அதனால, போய் இறங்கின உடனே கையில் ஒரு தொகை வேணும். ஆஃபர் வந்ததும், “தங்கறதுக்கு அட்வான்ஸ் தருவீங்களா?” என்று கூச்சப்படாம கேட்டுடுங்க.

வேலை போனா?

யாரும் கேட்காத கேள்வி. முதல்ல கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். சிங்கப்பூரில் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள் அவகாசம். துபாயில் அது விசா வகையைப் பொறுத்து மாறும். எந்த ஊரானாலும் ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கட்டும்.

துபாயில் வேலையை விட்டுக் கிளம்பும்போது கிராஜுவிட்டி உண்டு. முதல் 5 வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். டி.ஐ.எஃப்.சி.க்குள் 2020 முதல் இதற்குப் பதிலாக, நிறுவனம் மாதாமாதம் ஒரு சேமிப்புத் திட்டத்தில் பணம் போடுகிறது. சிங்கப்பூரில் இப்படிக் கட்டாயத் தொகை இல்லை. அங்கே உங்க சேமிப்பை நீங்களேதான் பார்த்துக்கணும்.

அம்மா, அப்பா?

சென்னையிலிருந்து ரெண்டு ஊருக்கும் விமானத்தில் நாலு மணி நேரம்தான். ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தா, மறுநாள் வந்து நிற்கலாம். ஆனா, பெற்றோரைக் கூடவே வைத்துக்கொள்ளும் பாஸுக்கு சிங்கப்பூரில் மாதம் 12,000 டாலர் சம்பளம் வேணும். கணவன், மனைவி, குழந்தைகளுக்கு 6,000 போதும். ஒரே பிள்ளை என்றால், இந்த 12,000-ஐ இப்பவே குறிச்சு வைங்க.

குழந்தை தமிழ் படிக்கணும்னா சிங்கப்பூர். அங்கே தமிழ் ஆட்சிமொழி. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகவும் இருக்கிறது. சில வருடத்தில் சென்னைக்கே திரும்பி, குழந்தையை சி.பி.எஸ்.இ.யில் சேர்க்கணும்னா துபாய் வசதி. அங்கே அந்தப் பாடத்திட்டப் பள்ளிகள் நிறைய.

முடிவு எப்படி?

ஃபாரெக்ஸ், அசெட் மேனேஜ்மென்ட் என்று ஆசியச் சந்தையைக் கற்றுக்கொள்ளணும், அங்கேயே நிரந்தரவாசம் வாங்கணும் என்றால் சிங்கப்பூர். வெல்த் மேனேஜ்மென்ட், ஆடிட் என்று போய், சில வருடம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பணும் என்றால் துபாய். எங்கே போனாலும், இங்கிருக்கும் சேவிங்ஸ் அக்கவுன்ட்டை என்.ஆர்.ஓ.வாக மாற்ற மறக்காதீங்க.

ஒரு பேப்பரில் ‘அஞ்சு வருஷம் கழிச்சு நான் எங்கே இருக்கணும்?’ என்று எழுதிப் பாருங்க. ‘மயிலாப்பூர்’ என்று வந்தால் ஒரு விடை. ‘தெரியலை’ என்று வந்தால் வேறு விடை. சம்பளத்தை அதுக்கப்புறம் பேசலாம்.